நான்கு விரல்கள், 197.06: பர்கூர் பக்கத்துக் குவாரி விபத்து ஒன்றின் இழப்பீட்டுக் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரி. 2022 தொடக்கத்தில் அங்கே ஜாக்ஹேமர் (பாறையில் துளை போடும் இயந்திரம்) ஓட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்கு வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களும் போய்விட்டன. அப்போது வயது 35. மனைவி மாம்பழ சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போவார், மற்ற மாதங்களில் கிடைத்த கூலி வேலை. இரண்டு பிள்ளைகள்.

விபத்து நடந்த விதம் எளிமையானது. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, கல்லைப் பிளந்தாயிற்று. பிளந்த துண்டைக் கூட்டாளி கடப்பாரையால் நெம்பித் தூக்க, இவர் அடியில் முட்டுக்கல் வைக்கக் கையை விட்டிருக்கிறார். கடப்பாரை வழுக்கியது. கல் இறங்கியது. மேஸ்திரியின் பைக்கில் நடுவில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய கையோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து சேலம். இரண்டு விரல்களையாவது காப்பாற்றலாம் என்று முதலில் சொன்னார்கள், முடியவில்லை.

இந்த வழக்கின் மனுவை எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில் கையில் உள்ள காகிதங்களை வைத்து இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் கணக்கும் அப்படியே இருக்கின்றன.

முதலாளி தரப்பு முதலில் சொன்ன மூன்று பதில்கள்

குவாரி குத்தகைதாரரைப் பார்க்க மனைவியும் மைத்துனரும் போனபோது கிடைத்த பதில்கள் இவை. ஒன்று: "கல்லுக்கு அடியில கைய விடச் சொன்னது யாரு?" இரண்டு: "கடப்பாரைய விட்டது அவன் கூட்டாளி, அவன்கிட்டப் போய்க் கேளுங்க." மூன்று: "குவாரி வேலைன்னா இப்படித்தாம்மா, தெரிஞ்சுதானே வந்தாரு? அதுக்குத்தானே மத்த வேலைய விடக் கூலி ஜாஸ்தி குடுக்கிறோம்."

குத்தகைதாரர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய, அமெரிக்க நீதிமன்றங்கள் தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்பப் பயன்படுத்திய மூன்று வாதங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: உன் கவனக்குறைவு, சக தொழிலாளியின் தவறு, தெரிந்தே ஏற்ற அபாயம்.

இரண்டாவது வாதத்துக்கு ஊற்று 1837இல் இங்கிலாந்தில் வந்த பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் தீர்ப்பு. ஃபவுலர் இறைச்சிக் கடைக்காரர். அவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் போகும்போது வண்டி முறிந்து விழுந்து தொடை எலும்பு உடைந்தது. ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேலே போனபோது அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். இதை அனுமதித்தால் வீட்டு வேலைக்காரி ஈரப் படுக்கை விரித்ததற்குக்கூட எஜமான் மற்ற வேலைக்காரனுக்குப் பணம் கட்ட வேண்டிவரும் என்பது அவருடைய கவலை. தொடை உடைந்தவனின் வழக்கில் ஈரப் படுக்கைக்குக் கவலைப்பட்ட தீர்ப்பு அது. அதை வைத்துத்தான் அடுத்த பல பத்தாண்டுகள் சுரங்கமும் ரயிலும் ஓடின.

மூன்றாவது வாதம் 1842இல் மாசசூசெட்ஸில் தெளிவாக வந்தது. ஃபார்வெல் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர், நாளுக்கு இரண்டு டாலர் சம்பளம். தடம் மாற்றும் ஊழியர் செய்த தவறால் வண்டி தடம் புரண்டு, சக்கரத்தில் சிக்கி வலது கை போயிற்று. தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, அபாயத்துக்கான விலை சம்பளத்திலேயே சேர்ந்திருக்கிறது, ரயில் கம்பெனி எதுவும் தர வேண்டியதில்லை என்றார். சக ஊழியரின் தவறு, வலது கை, கூடுதல் கூலி. பர்கூர் குவாரியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவேதான்.

2022இல் இந்த மூன்றுக்கும் சட்டத்தில் இடம் கிடையாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2010 ஜனவரி முதல் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்) கேட்பது ஒன்றுதான்: வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நடந்ததா? ஆம் என்றால் முதலாளி கட்ட வேண்டும். யார் தவறு என்ற கேள்வியே எழாது. அதற்குப் பதிலாகத் தொழிலாளி விட்டுக்கொடுத்தது தொகையை. வலி, வேதனை, பிள்ளைகளின் படிப்பு என்று கேட்க முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கு, வயதுக்குரிய பெருக்கு எண், இழப்புச் சதவீதம் ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதுதான் பணம்.

இதைச் சொன்னதும் குத்தகைதாரர் நான்காவதாக ஒன்றைச் சொன்னார்: "தண்ணி போட்டிருந்தான்." இது மட்டும் விஷயம் தெரிந்தவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்தில், குடிபோதையே நேரடிக் காரணம் என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்போதும் சொன்னது.

இரண்டு பாதைகள்

குற்றம் பார்க்காத இழப்பீடு பிறந்தது ஜெர்மனியில். சோஷலிஸ்டுகளின் பக்கம் தொழிலாளர்கள் சாய்வதைத் தடுக்க பிஸ்மார்க் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் 1884 ஜூலை 6இல் நிறைவேறியது. ஒரே தொழிலில் உள்ள முதலாளிகள் எல்லோரும் ஒரு சங்கத்தில் கட்டாயமாகச் சேர வேண்டும். முழுச் சந்தாவும் அவர்களுடையது. முழு ஊனம் என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பணம் தருவது சங்கம். குறிப்பிட்ட முதலாளி திவாலானாலும், கையை விரித்தாலும் தொழிலாளிக்குப் பாதிப்பு இல்லை.

பிரிட்டன் 1897இல் வேறு விதமாகச் செய்தது. ஜோசஃப் சேம்பர்லின் முன்னின்று கொண்டுவந்த அந்தச் சட்டம் ரயில், தொழிற்சாலை, சுரங்கம், கல் குவாரி போன்ற இடங்களில் விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பு என்றது. குவாரி முதல் நாளிலிருந்தே பட்டியலில் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆனால் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எடுத்தால் எடு, இல்லாவிட்டால் கைக்காசிலிருந்து கட்டு.

அமெரிக்காவில் இன்னும் சிரமப்பட்டார்கள். நியூயார்க்கின் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தை, தவறு செய்யாத முதலாளியின் சொத்தைப் பறிப்பது என்று அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. மறுநாள் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள்.

நமக்கு வந்தது பிரிட்டன் பாதை. 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1இல் அமலுக்கு வந்த சட்டம் முதலாளியின் பொறுப்பை நிர்ணயித்தது, காப்பீட்டை அவர் விருப்பத்துக்கு விட்டது. அன்றைக்கு வயது வந்தவர் இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. முழு ஊனத்துக்கு 42 மாதம் அல்லது 3,500 ரூபாய். "எது குறைவோ" என்பது பிற்காலத்தில் "எது அதிகமோ" என்று மாறியதும், 1984இல் வயதுக்கு ஏற்ற பெருக்கு எண் அட்டவணை வந்ததும் பெரிய மாற்றங்கள்.

ஜெர்மன் பாதையும் நம்மிடம் உண்டு. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீட்டு) சட்டம் அதுதான். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிலாளிக்கு விரல் போனால் அவர் முதலாளியிடம் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் மாதாமாதம் தரும்.

அப்படியானால் இந்தக் குவாரித் தொழிலாளிக்கு ஏன் இ.எஸ்.ஐ. கிடைக்கவில்லை? அந்தச் சட்டத்தில் "தொழிற்சாலை" என்பதற்கான விளக்கத்திலேயே, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கம் சேராது என்று எழுதியிருந்தார்கள். குவாரியும் சுரங்கச் சட்டத்தின்படி சுரங்கம்தான். அதே கல்லை ஏற்றிக்கொண்டுபோய் அறுத்துப் பாலிஷ் போடும் தொழிற்சாலையில் பத்துப் பேர் இருந்தால் அங்கே இ.எஸ்.ஐ. இருந்தது. கல்லை வெட்டி எடுக்கும் இடத்தில், அபாயம் அதிகமாக உள்ள இடத்தில், இருக்கவில்லை. இந்த வழக்கு முழுக்க இந்த ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தது. எனக்கு இந்தச் சட்ட வரலாற்றில் ஆறாத கோபம் இருப்பது இந்த இடத்தில்தான்.

இருபது ரூபாய் பத்திரம்

சேலத்திலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் மேஸ்திரி 50,000 ரூபாயோடு வந்தார். கூடவே இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்த ஒப்பந்தம்: மேற்படி தொகையை முழு மற்றும் இறுதியாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை. அவர் பத்தாவது வரை படித்தவர், கையெழுத்துப் போடுபவர்.

ஊரில் பெரும்பாலான வழக்குகள் இந்தக் காகிதத்தோடு முடிந்துவிடுகின்றன. "எழுதிக் குடுத்துட்டோமே சார், இனி என்ன பண்ண முடியும்?" என்றுதான் மனைவியும் கேட்டார். பண்ண முடியும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சமரசம் செய்துகொண்டால் அதை இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் முதலாளி முழுத் தொகையும் கட்ட வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது என்றது 29ஆம் பிரிவு. அதாவது அந்த 50,000இல் 25,000தான் அவர் கணக்கில் வரவு. காகிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அதன் நகலையே மனுவோடு இணைத்தோம். வேலையாள் இல்லை என்று சொல்பவர் எதற்காக அவருக்குப் பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கினார் என்ற கேள்விக்குக் குத்தகைதாரரிடம் பதில் இருக்கவில்லை.

எதிர்மனுதாரர்களாக மூன்று பேரைச் சேர்த்தோம்: மேஸ்திரி, குத்தகைதாரர், காப்பீட்டு நிறுவனம். ஆள் பிடித்தது மேஸ்திரி, அவரே கூலி கொடுத்தார், எனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை என்றார் குத்தகைதாரர். தன் தொழிலின் பகுதியான வேலையைத் தன் இடத்திலேயே ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தால் மூல முதலாளியிடமே கேட்கலாம், அவர் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 12ஆம் பிரிவு சொன்னது. இந்த மேஸ்திரியிடம் வசூலிக்க ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிதான் இருந்தது.

ஏ.ஆர். காப்பி

குடிபோதைக் கதையை உடைத்தது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். காயத்தோடு யாராவது வந்தால் பணி மருத்துவர் நேரம், அழைத்து வந்தவர், எப்படி நடந்தது, என்ன காயம் என்று எழுதும் ஒரு பக்கம். இதில் காலை 10.40 மணி என்றும், குவாரியில் வேலை செய்யும்போது கல் நழுவிக் கையில் விழுந்தது என்றும் இருந்தது. அழைத்து வந்தவர் பெயர் இருந்த இடத்தில் மேஸ்திரியின் பெயர். மது வாடை பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோயாளி நினைவோடு இருந்தார் என்று மட்டும் குறிப்பு.

பதற்றத்தில் மேஸ்திரி உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதுதான் நடந்தது. பல விபத்துகளில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அப்புறம் மூன்று வருடம் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே உறவினர்கள் அந்த அரை மணி நேரத்தில் பக்கத்தில் நிற்பது, பிறகு எத்தனை வக்கீல் வைப்பதைவிடவும் பயன்.

சம்பளத்துக்கு ஆதாரம் தேடியதுதான் கஷ்டம். குவாரியின் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. குத்தகைதாரர் தரப்பு, ஆள் வேலைக்கு வந்தது உண்மையானாலும் மாதம் 8,000 ரூபாய்தான் சம்பளம் என்று மாற்றிப் பேசியது. உண்மையில் நாளுக்கு 900. சனிக்கிழமை பட்டுவாடா. மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய தொகைகள் மனைவியின் வங்கிக் கணக்கில் வாராவாரம் வந்திருந்தன: 5,400, 4,500, மறுபடி 5,400, அட்வான்ஸ் கழித்த ஒரு வாரம் 3,400. ஒரு வருடத்து அறிக்கையை அச்செடுத்துப் பச்சை மையில் கோடு போட்டுக் கொடுத்தோம். மாதச் சராசரி 20,000ஐத் தொட்டது.

தொட்டும் என்ன? 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு முன்பு 2010இலிருந்து 8,000. அதற்கும் முன்பு 4,000. இடையில் பத்து வருடம் குவாரிக் கூலி ஏறிக்கொண்டேயிருந்தது, வரம்பு மட்டும் அசையாமல் நின்றது. இவருக்கு 2019இல் விபத்து நடந்திருந்தால் இதே விரல்களுக்குக் கிட்டத்தட்ட பாதிதான் கிடைத்திருக்கும்.

கணக்கு

35 வயதுக்குப் பெருக்கு எண் 197.06. நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாயை 197.06ஆல் பெருக்கினால் 17,73,540. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 50 சதவீதம் என்று முதல் அட்டவணையில் அச்சடித்திருக்கிறது. கட்டைவிரல் 30, மூன்று விரல்கள் 30, இரண்டு விரல்கள் 20 என்று போகும் பட்டியல் அது. ஆக 8,86,770.

நாங்கள் கேட்டது 100 சதவீதம். 1976இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு ஊனமே என்று தீர்த்தது. கட்டைவிரல் மட்டும் உள்ள வலது கையால் ஜாக்ஹேமரைப் பிடிக்க முடியுமா? மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அவரும் முடியாது என்றார். ஆனால் வேறு இலகுவான வேலை செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆணையர் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு 50 சதவீதத்தில் நின்றுவிட்டார். என் கருத்தில் அது தவறு. சட்டம் கேட்பது விபத்தின்போது அவர் செய்யக்கூடியதாக இருந்த வேலைகளை இனிச் செய்ய முடியுமா என்பதை. குவாரி, ஏர், களை தவிர வேறு வேலை தெரியாத ஆளுக்கு "வாட்ச்மேன் வேலை பார்க்கலாம்" என்பது என்ன பதில்?

அடுத்தது பாலிசி. குத்தகைதாரரிடம் ஒன்று இருந்தது என்பதே ஆச்சரியம். எட்டுப் பேருக்கு, தலைக்கு மாதம் 8,000 சம்பளம் என்று காட்டிப் பிரீமியம் கட்டியிருந்தார். இந்த வகைப் பாலிசியில் பிரீமியம் சம்பளத் தொகையின் மேல் போடப்படும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும். விபத்து நடக்கும் நாள் வரை அது இலாபமாகவே தெரியும். காப்பீட்டு நிறுவனம் சொன்னது: நீங்கள் அறிவித்த 8,000க்குத்தான் நாங்கள் பொறுப்பு. அந்தக் கணக்கில் 4,72,944 ரூபாய். வட்டியும் எங்கள் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது.

வட்டி விஷயத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பு உண்டு. மோட்டார் பாலிசியில் வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும், அபராதத்தை மட்டும் முதலாளி கட்டட்டும் என்று 1997இல் வேத பிரகாஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இப்படித் தனியாக எடுக்கும் இழப்பீட்டுப் பாலிசியில் வட்டியை விலக்கி வைக்க இரு தரப்புக்கும் சுதந்திரம் உண்டு என்று 2006இல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாகனத்துக்குக் காப்பீடு கட்டாயம், அதனால் அதில் கைவைக்க முடியாது. குவாரிக்குக் கட்டாயமில்லை, அதனால் விருப்பம்போல் வெட்டலாம். 1897இல் பிரிட்டன் திறந்துவைத்த ஓட்டை பர்கூர் வரை நீள்கிறது என்றேன் நான், கூட இருந்த வக்கீல் சிரித்தார்.

உத்தரவு

மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தத்தில் 25ஏ பிரிவு சேர்த்தார்கள். விபத்திலிருந்து 32 மாதம் கழித்து உத்தரவு வந்தது. காப்பீட்டு நிறுவனம் 4,72,944. மீதி 4,13,826 குத்தகைதாரர், அதில் 25,000 கழிவு. மொத்தத் தொகைக்கும் விபத்து நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதுவும் குத்தகைதாரர் தலையில்: 2,83,000 ரூபாய்க்கு மேல். மருத்துவச் செலவு பில் உள்ள அளவுக்குத் தனியாக. பணத்தைத் தாமதித்ததற்கு 50 சதவீதம் வரை போடக்கூடிய அபராதம் கேட்டிருந்தோம். அதற்கு முதலாளியிடம் முதலில் விளக்கம் கேட்டாக வேண்டும், அந்த நோட்டீஸே போகவில்லை. அது அப்படியே விழுந்துவிட்டது.

சம்பளத்தை ஒழுங்காக அறிவித்திருந்தால் குத்தகைதாரர் கட்டியிருக்கக்கூடிய கூடுதல் பிரீமியத்தையும், இப்போது தலையில் விழுந்த தொகையையும் ஒரு தாளில் எழுதி அவருடைய கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் சில மாதங்களில் டெபாசிட் செய்துவிட்டது. குத்தகைதாரர் உயர் நீதிமன்றம் போவேன் என்றார். உத்தரவுத் தொகையை ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் மேல்முறையீட்டை எடுக்க மாட்டார்கள் என்று அவருடைய வக்கீலே சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது. பணமும் வரவில்லை. 31ஆம் பிரிவின்படி நில வருவாய் பாக்கி போல வசூலிக்கச் சான்று பெற்று வருவாய்த் துறைக்கு அனுப்பினோம்.

இடையில் சட்டமே மாறிவிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. பத்துப் பேர் உள்ள எந்த நிறுவனத்துக்கும் இ.எஸ்.ஐ. அத்தியாயம் பொருந்தும் என்கிறது. அபாயமான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஆள் இருந்தாலும் பொருந்தும். இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் முதலாளி விபத்து இழப்பீட்டுக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று மட்டும் இதிலும் சொல்லவில்லை. கிராஜுவிட்டிக்குக் கட்டாயக் காப்பீடு பற்றி எழுதியவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

தர்மபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். விபத்து கர்நாடகத்தில் நடந்தாலும், குடும்பம் வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே மனு போடலாம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1995 திருத்தம் தந்த வசதி இது. அங்கே போய் அலைய வேண்டும் என்று நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். மனு போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவும் அதற்குள் ஓடிவிடுகிறது.

நம் ஆள் கல் வேலைக்குத் திரும்பவில்லை. காப்பீட்டுப் பணத்தில் கடனை அடைத்து, இரண்டு கறவை மாடு வாங்கினார். பால் கறப்பது மனைவி. குத்தகைதாரரின் பங்கில் ஒரு தவணை வந்திருக்கிறது, மீதிக்குத் தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது.